தனிமனிதனா, கூட்டமா: டிஸ்டோபிய நாவல்களைப் பாதிதான் வாசிக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் அண்மையில் வெளியான, டிஸ்டோபியப் புனைவுகள், அதாவது கொடுங்கோன்மையோ சீரழிவோ ஆளும் கற்பனைச் சமூகங்களைச் சித்திரிக்கும் கதைகள் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். இவ்வகை எழுத்துக்கு ஒரு நாளிதழ் முழுப்பக்கம் ஒதுக்குவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அக்கட்டுரை தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே கருத்தின் மேல் நிற்கிறது: டிஸ்டோபிய நாவல் என்பது தனிமனிதனுக்கும் கூட்டத்துக்கும் நடக்கும் போர், அதில் தனிமனிதன் பக்கமே நியாயம் முழுவதும் இருக்கிறது, ஆகவே, கூடி வாழ்வது பற்றிய எந்தக் கனவும் கடைசியில் கண்காணிப்பிலும் சிறையிலும்தான் போய் முடியும் என்பதே இந்த எழுத்தாளர்கள் நமக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை. இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், மாணவர்களின் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் இதே வாசிப்பைத்தான் காண்கிறேன். இவ்வளவு பரவலாக ஏற்கப்பட்ட ஒரு கருத்தை இரண்டு வரியில் மறுத்துவிட முடியாது என்பதால், இக்கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

இந்த நாவல்களில் வரும் கொடுங்கோல் அரசுகள், தனித்து நிற்கும் ஒருவனைக் கண்டு அஞ்சுவதைவிட, ஒருவரையொருவர் நம்பும் இருவரைக் கண்டே அதிகம் அஞ்சுகின்றன என்பது என் வாதம். அவை மனிதர்களை வரிசையில் நிறுத்துகின்றன, ஒரே சீருடை அணிவிக்கின்றன, ஒரே முழக்கத்தை ஒரே குரலில் எழுப்பச் செய்கின்றன. ஆனால் அவர்களை ஒன்றுசேர விடுவதே இல்லை. இந்த வேறுபாட்டைக் காணத் தவறினால், நூல்களில் பாதி நம் கண்ணில் படாமலே போய்விடும்.

கட்டுரையாளரின் வாசிப்புக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஸம்யாதின் 1920-21இல் எழுதிய 'நாங்கள்' நாவலிலிருந்து அவர் தொடங்கியது முற்றிலும் பொருத்தமானது. அந்நாவலின் 'ஒற்றை அரசில்' மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே உண்டு. வீடுகள் கண்ணாடியால் ஆனவை. எழுவது, உண்பது, உலாவுவது, உறங்குவது அனைத்தும் ஒரே கால அட்டவணைப்படி ஒரே நிமிடத்தில் நடக்கின்றன. ஒரு கவளத்தை 50 முறை மெல்ல வேண்டும் என்பதுகூட விதி. கற்பனை என்பது நோயாக அறிவிக்கப்பட்டு, அதை மூளையிலிருந்து நீக்குவதற்கு ஓர் அறுவைச் சிகிச்சையும் கண்டுபிடிக்கப்படுகிறது. இளமையில் போல்ஷ்விக்காக இருந்து ஜார் ஆட்சியில் சிறைசென்ற ஒருவர், புரட்சிக்குப் பின் அமைந்த அரசின் போக்கைக் கண்டு எழுதிய நாவல் இது. முதலில் 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே வெளிவந்தது. எழுதப்பட்ட நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1931இல் ஸ்டாலினுக்கு நேரடியாகக் கடிதம் எழுதி நாட்டைவிட்டு வெளியேற அனுமதி பெற்ற ஸம்யாதின், 1937இல் பாரிஸில் இறந்தார். கூட்டத்தின் பெயரால் மனிதனை நசுக்கும் அதிகாரத்தை அவரைவிட நெருக்கமாக அறிந்தவர்கள் சிலரே.

ஆனால் அந்த நாவலில் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கதைசொல்லியான டி-503 தானாக விழித்தெழுந்து கிளர்ச்சி செய்பவனல்லன். அவன் தன் எண்ணிலும் அட்டவணையிலும் நிறைவு காண்பவன். ஐ-330 என்ற பெண்ணின் மேல் கொண்ட காதல்தான் அவனை அசைக்கிறது. அவளோ, நகரை வெளியுலகிலிருந்து பிரிக்கும் பசுஞ்சுவருக்கு அப்பாலும் இப்பாலும் மறைவாக இயங்கும் ஒரு குழுவைச் சேர்ந்தவள். அரசின் அனுமதியின்றிக் கருவுற்ற ஓ-90 என்ற மற்றொரு பெண், பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமானால் சுவரைத் தாண்டியாக வேண்டும். அதற்கு உதவக்கூடியவள், தன் காதலனான டி-503ஐத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்ட அதே ஐ-330தான். முதலில் மறுத்த ஓ-90, பிறகு அந்த உதவியை ஏற்றுச் சுவருக்கு அப்பால் போய்ச் சேர்கிறாள். கற்பனை அகற்றப்பட்ட டி-503, ஐ-330 வதைக்கப்படுவதை உணர்ச்சியின்றிப் பார்த்துக்கொண்டிருப்பதோடு நாவல் முடிகிறது. அவனிடமிருந்து அரசு பறித்தது அவனுடைய தனித்துவத்தை மட்டுமா? இன்னொருவரின் வலி தன்னைத் தீண்டும் தன்மையும் சேர்ந்தே போய்விட்டது. இவ்விரண்டையும் ஒரே அறுவையில் ஸம்யாதின் அகற்றியிருப்பது தற்செயலானது என்று நான் கருதவில்லை.

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) பற்றியும் இதையே சொல்லலாம். ஒரே கருவிலிருந்து 96 பேர் வரை ஒரே அச்சில் உருவாக்கப்படுவதைக் கட்டுரையாளர் விரிவாக எடுத்துக்காட்டியிருந்தார். மரணத்தை எதிர்கொண்டிருப்பவர்களுக்கான மருத்துவமனையில், அந்தச் சமூகத்துக்கு வெளியே வளர்ந்த ஜான், தாய் லிண்டாவின் கட்டிலருகே அழும் காட்சியை அவர் குறிப்பிடவில்லை. மரணத்துக்குப் பழக்கப்படுத்துவதற்காகக் குழந்தைகள் கூட்டமாக அங்கே அழைத்து வரப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இனிப்பு வழங்கப்படுகிறது. ஒரு மகன் தாய்க்காகக் கதறி அழுவதைக் கண்ட செவிலி பதறிப்போகிறாள். அவள் பதற்றம் அவனுக்காக அன்று, அக்குழந்தைகளின் பயிற்சி கெட்டுவிடுமே என்பதற்காக. 'ஒவ்வொருவரும் எல்லோருக்கும் உரியவர்' என்று உறக்கத்திலேயே கற்பிக்கப்பட்ட சமூகம் அது. எல்லோருக்கும் பொதுவானவர் என்ற நிலையை எய்திய பிறகு, யாரும் யாருக்காகவும் அழ வேண்டியதில்லை. இதைக் கூட்டுணர்வின் மிகுதி என்று எப்படி அழைப்பது?

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'க்கு வருகிறேன், 1949இல் வெளியான இந்த நாவலை வைத்துத்தான் வாதம் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே மக்களைக் கண்காணிக்கும் திரையான டெலிஸ்கிரீனின் பார்வை படாத மூலையில் அமர்ந்து நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் நாட்குறிப்பு எழுதத் தொடங்கும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தனிமனிதன், தாள், பேனா, எதிரே பேரரசு. அட்டைப்படங்களிலும் அதுவே இடம்பெறுகிறது. ஆனால் மூன்றாம் பகுதியில், அன்பு அமைச்சகத்தின் சிறைக்கூடத்தில், வேறொரு காட்சி இருக்கிறது. பட்டினியால் முகம் வற்றி மண்டையோடு போலாகிவிட்ட ஒரு கைதியைக் கொண்டுவந்து அமர்த்துகிறார்கள். எதிர்ப்பக்கம் இருக்கும், மோவாயே இல்லாதவன்போல் தோன்றும் பருத்த மனிதன் ஒருவன் அவனைப் பார்க்கிறான், குற்றவுணர்வுடன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், மறுபடி பார்க்கிறான், இருக்கையில் நிலைகொள்ளாமல் நெளிகிறான். கடைசியில் எழுந்து, தட்டுத் தடுமாறி நடந்து, உடைக்குள் கைவிட்டு, அழுக்கேறிய ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து வெட்கத்துடன் நீட்டுகிறான். அக்கணமே டெலிஸ்கிரீன் கர்ஜிக்கிறது. ரொட்டி தரையில் விழுகிறது. காவலன் உள்ளே வந்து, தன் உடலின் வலுவையெல்லாம் திரட்டி அவன் வாயில் குத்துகிறான். இரத்தத்தோடு பல்செட் இரண்டாக உடைந்து வந்து விழுகிறது. சற்று நேரத்தில் அந்தப் பட்டினிக் கைதியை, எல்லோரும் அஞ்சும் வதைக்கூடமான 101ஆம் அறைக்கு இழுத்துச் செல்ல வருகிறார்கள். தன்னை விட்டுவிட்டால் தன் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் தன் கண்முன்னே கழுத்தறுக்கலாம் என்று அவன் கெஞ்சுகிறான். அதுவும் பலிக்காமற்போகவே, ரொட்டி நீட்டியவனைச் சுட்டிக்காட்டி, 'கொண்டுபோக வேண்டியது இவனைத்தான்' என்று அலறுகிறான்.

இந்த இரண்டு பக்கங்களை நான் வகுப்பில் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. அந்தக் கூடத்தில் யாரும் தனிச் சிந்தனை எதையும் வெளியிடவில்லை. யாரும் தன் உரிமையை வலியுறுத்தவில்லை. பசித்தவனுக்கு ஒருவன் தன்னிடமிருந்த ரொட்டியைக் கொடுக்க முயன்றான், அவ்வளவே. நாட்டை ஆளும் கட்சி அதைத்தான் தாங்கிக்கொள்ளவில்லை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலிருந்த பிணைப்புகளை அறுத்துவிட்டோம் என்று, வின்ஸ்டனை விசாரித்து வதைக்கும் கட்சி அதிகாரி ஓ'பிரையன் பெருமையோடு அறிவிப்பது பின்னால் வருகிறது. அதன் பொருளை இந்த ரொட்டித் துண்டு முன்கூட்டியே நமக்குக் காட்டிவிடுகிறது. அதே சிறையில் வின்ஸ்டனின் அண்டை வீட்டுக்காரன் பார்சன்ஸ் இருக்கிறான். உறக்கத்தில் உளறியதைச் சாவித்துளை வழியே ஒட்டுக்கேட்டு அவனைக் காட்டிக்கொடுத்தவள் அவனுடைய ஏழு வயது மகள். அவன் அவளை எண்ணிப் பெருமைப்படுகிறான். குடும்பம் என்ற மிகச் சிறிய கூட்டத்தைக்கூட உளவுப்படையாக மாற்றிய பிறகே கட்சியால் அச்சமின்றி இருக்க முடிகிறது.

தனித்து நிற்கும் மனிதன் எப்போதும் தோற்பான், ஆகவே கட்சிக்குள் கரைந்துவிடு, அப்போது நீ அழிவற்றவனாவாய் என்று ஓ'பிரையன் வாதிடுவது உண்மைதான். கட்டுரையாளர் இந்த இடத்தை மேற்கோள் காட்டி, இதோ கூட்டுவாதத்தின் உண்மை முகம் என்கிறார். ஆனால் அந்த வாதம் யாரிடம் சொல்லப்படுகிறது? நண்பரும் துணையும் இல்லாமல், உடல் சிதைந்து, யாரையும் நம்ப முடியாத நிலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவனிடம். தனிமையைக் கட்சியே உற்பத்தி செய்கிறது. பிறகு அந்தத் தனிமைக்குத் தன்னையே மருந்தாக நீட்டுகிறது. 101ஆம் அறையில் எலிகள் முகத்தருகே வரும்போது, தன் காதலியின் பெயரைச் சொல்லி, இதை ஜூலியாவுக்குச் செய்யுங்கள் என்று வின்ஸ்டன் கத்துகிறான். அவனுடைய தோல்வி முழுமையடைவது அந்தச் சொல்லில்தான். இரண்டும் இரண்டும் ஐந்து என்று ஏற்கச் செய்ததோடு அவர்கள் நின்றிருந்தால் அவனிடம் இன்னும் ஏதோ மிஞ்சியிருக்கும். ஓ'பிரையனிடமே அவன் சொல்கிறான், ஜூலியாவை நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று. அந்த ஒன்றையும் எடுத்துக்கொள்வதற்காகத்தான் 101ஆம் அறை.

பாட்டாளிகளிடம்தான் நம்பிக்கை இருக்கிறது என்று வின்ஸ்டன் எழுதுவதைப் பலர் அரசியல் முழக்கமாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். தாய் தங்கையை அணைத்துக்கொண்ட பழைய நினைவு கனவில் திரும்பிய பிறகு, அவன் அந்த எண்ணத்தை வேறு விதமாக உணர்கிறான்: பாட்டாளிகள் ஒரு கட்சிக்கோ ஒரு கொள்கைக்கோ விசுவாசமாக இல்லை, ஒருவருக்கொருவர் விசுவாசமாக இருக்கிறார்கள், ஆகவே அவர்கள் மனிதர்களாகவே எஞ்சியிருக்கிறார்கள் என்று. இதை எழுதிய ஆர்வெல், 1936இன் இறுதியில் ஸ்பெயினுக்குச் சென்று தொழிலாளர் படைப்பிரிவில் சேர்ந்து போரிட்டுத் தொண்டையில் குண்டடி பட்டவர். 1936க்குப் பிறகு தாம் எழுதிய முக்கியமான எழுத்து ஒவ்வொன்றும் சர்வாதிகாரத்துக்கு எதிராகவும் ஜனநாயக சோஷலிசத்துக்கு ஆதரவாகவும் எழுதப்பட்டது என்று 1946இல் தாமே பதிவு செய்தவர். அவரைக் கூட்டு வாழ்வின் எதிரியாக நிறுத்துவது அவர் எழுத்துக்கு மட்டுமன்றி, அவர் வாழ்க்கைக்கும் இழைக்கப்படும் அநீதி.

அரசியல் சிந்தனையாளர்களும் நாவலாசிரியர்களைப் போலவே இதைக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றிய தமது நூலின் இரண்டாம் பாகத்தில் (1840) அலெக்ஸி த தோக்வில், குடிமக்கள் தன்னை நேசிக்காததைக் கொடுங்கோலன் எளிதில் மன்னித்துவிடுவான், அவர்கள் ஒருவரையொருவர் நேசிக்காமல் இருந்தால் அவனுக்குப் போதும் என்ற பொருளில் எழுதினார். சர்வாதிகாரத்தின் தோற்றுவாய்களை ஆராய்ந்து 1951இல் நூல் வெளியிட்ட ஹன்னா அரென்ட், அதன் பிற்பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில், தனிமைப்பட்ட மனிதர்கள் மேல்தான் பயங்கரம் முழுமையாக ஆட்சி செலுத்த முடியும் என்று வாதிட்டார். இவர்களைக் கூட்டத்தைக் கண்டு மயங்கியவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தனிமனிதச் சுதந்திரத்தில் ஆழ்ந்த அக்கறை கொண்டவர்கள் இவர்கள். அந்த அக்கறையே அவர்களைக் கூட்டுறவின் மதிப்பை நோக்கி இட்டுச் சென்றது.

கட்டுரையில் பெயரளவுக்குக்கூட இடம்பெறாத ஒரு கதையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஈ.எம். ஃபாஸ்டர் 1909இல் வெளியிட்ட 'தி மெஷின் ஸ்டாப்ஸ்', மேலே சொன்ன நாவல்கள் எல்லாவற்றுக்கும் முந்தியது. அதில் அணிவகுப்பும் இல்லை, சீருடையும் இல்லை. ஒவ்வொரு மனிதரும் பூமிக்கடியில், தேனீக்கூட்டின் கண்ணறை போன்ற அறுகோண அறையில் தனியாக வாழ்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் உணவு வரும், இசை வரும், படுக்கை வரும். வாஷ்தி என்ற பெண்ணுக்குப் பல்லாயிரம் பேரைத் தெரியும். எல்லோரையும் இயந்திரத்தின் வழியாகவே தெரியும். உலகின் மறுபக்கத்தில் இருக்கும் மகன் கூனோ, ஒளிரும் தட்டில் தெரியும் உருவமாக அன்றி நேரில் தன்னைப் பார்க்க வரும்படி அவளை அழைக்கிறான். அவள் பெருந்தயக்கத்துக்குப் பிறகே கிளம்புகிறாள். வான்கப்பலில் அவள் நிலைதடுமாறும் தருணத்தில், பணிப்பெண் விழாமல் தாங்குவதற்காகக் கையை நீட்டுகிறாள். வாஷ்திக்குக் கோபம் வருகிறது. எப்படித் தொடத் துணிந்தாய் என்று கேட்கிறாள்; பணிப்பெண்ணோ, விழவிடாமல் தொட்டுவிட்டதற்காகக் குழம்பி மன்னிப்புக் கேட்கிறாள். மனிதரை மனிதர் தொடுவது அந்த உலகில் வழக்கொழிந்துபோன ஒன்று.

இங்கே தனிமனிதனை நசுக்கும் கூட்டம் எது? ஒவ்வொருவருக்கும் தனியறை, தனி வசதி, தன் விருப்பத்துக்கேற்ற உரையாடல். கட்டுரையாளர் கேட்கும் அளவுகோலின்படி பார்த்தால் இது சுதந்திரத்தின் உச்சமாக இருக்க வேண்டும். ஆனாலும் அங்கே எல்லோரும் ஒரே இயந்திரத்தை வணங்குகிறார்கள், ஒரே கருத்துகளை மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள், நேரடி அனுபவத்தை வெறுக்கிறார்கள். பிறருடைய கை படாத வாழ்வில் தனித்துவம் வளரவில்லை, உதிர்ந்துதான் போகிறது. வெளியுலகைக் கண்ணால் காண்பதற்காக உடலை வருத்தி மேலேறிச் செல்லும் கூனோ ஒருவன்தான் அக்கதையில் உண்மையான தனித்தன்மை உடையவன். தாயின் அருகாமைக்காக ஏங்குபவனும் அவன் ஒருவனே. இரண்டு ஏக்கங்களையும் ஃபாஸ்டர் ஒரே மனிதனுக்குள் வைத்திருக்கிறார். நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தக் கதையை வாசிக்கும் இன்றைய இளைஞர்கள் சட்டென அமைதியாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டுரையாளர் தம் வாதத்துக்கு வலுவான சான்றுகளாக முன்வைத்த இரண்டு படைப்புகளையும் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். முதலாவது, அய்ன் ராண்டின் 'ஆன்தம்' (1938). 'நான்' என்ற சொல்லே இல்லாத சமூகத்தில் பிறந்த ஒருவன் அச்சொல்லைக் கண்டடையும் கதை. ராண்ட் 1905இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். புரட்சிக்குப் பின் தந்தையின் மருந்தகம் பறிமுதலானதைக் கண்டவர். 1926இல் நாட்டைவிட்டு வெளியேறியவர். அவருடைய கசப்பு பொய்யானதன்று, அதை மதிக்கிறேன். தனிமனிதனைக் கூட்டத்துக்கு எதிராக நிறுத்தும் கட்டுரையாளரின் வாசிப்பு எந்த நூலுக்காவது முழுமையாகப் பொருந்துமென்றால், அது இந்த ஒன்றுதான். ஆனால் இதிலும், நாயகன் தடைசெய்யப்பட்ட சுரங்கத்தைக் கண்டுபிடித்தபோது உடனிருந்த நண்பன் அதை வெளியே சொல்லாமல் காத்ததனால்தான் அவனுடைய ஆய்வு உயிர்பிழைக்கிறது. கதையின் முடிவில், விட்டுவந்த நண்பர்களைத் தேடி அழைத்துவரப் போவதாக அவன் திட்டமிடுகிறான். தனி மரம் தோப்பாகாது என்பது ராண்டின் கொள்கைக்கு உடன்பாடில்லாதது. அவருடைய கதைக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, கர்ட் வானகட் 1961இல் எழுதிய 'ஹாரிசன் பெர்கரான்' சிறுகதை. 2081ஆம் ஆண்டில் எல்லோரும் சட்டப்படி சமம். வலிமையானவர் உடலில் எடை கட்டித் தொங்கவிடப்படும், அழகானவருக்கு முகமூடி, அறிவுள்ளவரின் காதில் சிந்தனையைக் கலைக்கும் இரைச்சல். இதைக் கூட்டுவாதத்தின் மீதான இறுதித் தீர்ப்பாகக் கட்டுரையாளர் காண்கிறார். ஆனால் தளைகளை உடைத்துக்கொண்டு தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழையும் 14 வயது ஹாரிசன் முதலில் என்ன சொல்கிறான்? நான்தான் பேரரசன், எல்லோரும் உடனே நான் சொல்வதைச் செய்ய வேண்டும் என்று முழங்குகிறான். கட்டாயச் சமத்துவத்துக்கு மாற்றாக அவன் கொண்டுவருவது ஒரு முடியரசு. கதையை விடுதலையின் கொண்டாட்டமாக மட்டும் வாசிப்பவர்கள் இந்த வரியை எப்படித் தாண்டிச் செல்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

இப்படிச் சொல்வதனால், மக்கள் விரும்பிச் சேர்ந்து அமைத்த சமூகம் என்றால் அங்கே எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். அந்த மயக்கத்திலிருந்து என்னை விடுவித்தது உர்சுலா கே. லெ குவின் 1974இல் எழுதிய 'தி டிஸ்பொசெஸ்ட்'. இந்த விவாதத்தில் ஒரே ஒரு நூலைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால் இதையே பரிந்துரைப்பேன். அனாரெஸ் என்ற வறண்ட கோளில், அரசும் சட்டமும் தனிச் சொத்தும் இல்லாத ஒரு சமூகம் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. பஞ்சம் வந்தால் எல்லோரும் சேர்ந்து பட்டினி கிடக்கிறார்கள். யாரும் யாருக்கும் எசமானர் இல்லை. லெ குவின் அந்த வாழ்வை உண்மையான அன்போடு எழுதுகிறார். அதே அன்போடுதான் அதன் நோயையும் காட்டுகிறார். ஷெவெக் என்ற இயற்பியலாளரின் ஆய்வுகள் வெளிவராமல் தடுப்பது எந்தக் காவல்துறையும் அல்ல. பொறாமைகொண்ட மூத்த சகா ஒருவரும், அவரை எதிர்க்க விரும்பாத மற்றவர்களின் முகச்சுளிப்பும்தான். அவருடைய நண்பர் டிரின் ஒரு நாடகம் எழுதுகிறார். அது பிடிக்காத பொதுக்கருத்து அவரை மெல்ல மெல்ல ஒதுக்கி, கடைசியில் மனநல விடுதிக்குக் கொண்டுசேர்க்கிறது. யாரும் ஆணையிடவில்லை. அயலார் என்ன நினைப்பார்கள் என்ற அச்சம் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கட்டுரையாளரின் கவலை மிக நியாயமாக ஒலிக்கும் இடம் இதுவே. இருந்தும், ஷெவெக் அதற்குக் காணும் வழியைப் பாருங்கள். அவர் கூட்டத்தை விட்டு விலகித் தனக்கென ஒரு கோட்டை கட்டிக்கொள்ளவில்லை. சில நண்பர்களுடன் சேர்ந்து ஓர் அச்சகக் குழுவைத் தொடங்குகிறார். எல்லோரும் வெறுக்கும் அண்டைக் கோளோடு தொடர்பு ஏற்படுத்துகிறார். கல்லெறிபட்டும் பயணம் மேற்கொள்கிறார். பிறகு தன் மக்களிடமே திரும்புகிறார். கூட்டுச் சமூகம் அமைக்கும் உறுதியைக் கைவிடாமலேயே அதனோடு மோதுகிறார். தனித்துவம் என்பதைச் சமூகத்துக்குச் செய்யும் கடமையாகவே அவர் புரிந்துகொள்கிறார். தனிமனிதனா, கூட்டமா என்று இரண்டிலொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விக்கு இந்த நாவலில் இடமே இல்லை. இதைக் கற்பிக்கும்போது மாணவர்களிடம் நான் எதிர்கொள்ளும் பெரிய சிரமமும் அதுதான், அவர்கள் பக்கம் சேர்வதற்கு ஒரு பக்கத்தைத் தேடுகிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) நாவலில், தாங்கள் முதன்முதலில் எங்கே சந்தித்தோம் என்பதையே ஒரு கணவனும் மனைவியும் மறந்துவிட்டிருக்கிறார்கள். நூல்களைக் காப்பாற்றுபவர்களோ, ஆளுக்கொரு நூலை மனனம் செய்து சுமந்தபடி சேர்ந்து நடக்கும் நாடோடிகள். மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) தொடங்குவது, சொந்தப் பெயர்கள் பறிக்கப்பட்ட பெண்கள் இருளில் கட்டிலுக்குக் கட்டில் கைநீட்டித் தொட்டு, ஒலியின்றி உதட்டசைவால் தங்கள் பெயர்களைப் பரிமாறிக்கொள்வதில். ஒரு பெயர் உயிரோடிருக்க அதைக் கேட்டு நினைவில் வைக்க இன்னொருவர் தேவைப்படுகிறார். ஆக்டேவியா பட்லரின் 'பாரபிள் ஆஃப் தி சோவர்' (1993), அரசு வலுத்ததனால் வந்த கேட்டைப் பற்றியதே அன்று. பொதுவானவை அனைத்தும் சிதைந்து, காவல்துறைகூடக் கட்டணம் கேட்கும் நாட்டில், சுவருக்குள் பதுங்கிய ஒவ்வொரு குடியிருப்பும் தனித்தனியே எரிந்துபோவதைப் பற்றியது. அதில் பிழைப்பவர்கள் வழியில் சந்திக்கும் அந்நியர்களை நம்பக் கற்றுக்கொண்டவர்கள். சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) நாவலில், ஒருவரையொருவர் கொன்றால்தான் பிழைக்க முடியும் என்ற போட்டியை நடத்துவதே அரசின் ஆட்சிமுறை. அதில் மக்கள் காட்டும் மூன்று விரல் வணக்கத்தை 2014இல் தாய்லாந்திலும் 2021இல் மியான்மரிலும் இராணுவ ஆட்சியை எதிர்த்தவர்கள் வீதிகளில் உயர்த்திக் காட்டினார்கள். அந்த இளைஞர்கள் கதையைச் சரியாகவே வாசித்திருந்தார்கள்.

இந்த வாசிப்புக் குறைபாட்டை இலக்கியத் திறனாய்வுக்குள் அடங்கிய சிறு பிணக்காக நான் கருதவில்லை. இந்த நாவல்களைப் பெரும்பாலோர் வாசிப்பது பதினாறு, பதினெட்டு வயதில். உலகத்தைப் பற்றிய முதல் அச்சங்கள் உருவாகும் வயது அது. அப்போது, பிறர் உன்னிடம் வைக்கும் கோரிக்கை ஒவ்வொன்றும் உன்னை விழுங்க வரும் கூட்டத்தின் முதற்குரல் என்று கற்றுக்கொள்ளும் ஒருவர், பிறகு வரி செலுத்தச் சொன்னாலும், தொழிற்சங்கத்தில் சேரச் சொன்னாலும், தொற்றுநோய்க் காலத்தில் அயலாருக்காக ஒரு கட்டுப்பாட்டை ஏற்கச் சொன்னாலும், அவற்றையெல்லாம் டெலிஸ்கிரீனாகவே காண்பார். இதனால் உண்மையான கண்காணிப்பு எளிதாகிவிடுகிறது என்பதே என் அச்சம். தன் அறையில், தன் திரையின் முன், தான் மட்டும் ஏமாறாதவன் என்று நம்பி அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அதிகாரத்துக்குக் கவலை எதுவும் இல்லை. அவருடைய ஒவ்வொரு தேடலையும் வாங்கலையும் பதிவு செய்ய எந்தக் கண்ணாடி வீடும் தேவைப்படுவதுமில்லை. பக்கத்து அறைக்காரரோடு அவர் பேசத் தொடங்கினால்தான் சிக்கல்.

தனித்துவத்தின் மதிப்பைக் குறைப்பது என் நோக்கம் அன்று. எல்லோரும் கைதட்டும்போது கைதட்டாமல் நிற்கும் துணிவை மாணவர்களிடம் வளர்ப்பதைவிடப் பெரிய பணி ஆசிரியருக்கு இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் அந்தத் துணிவு வெற்றிடத்தில் முளைப்பதில்லை என்பதை இந்த நூல்களே மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. வின்ஸ்டனுக்குத் தாயின் அணைப்பு நினைவிலிருந்தது. கூனோ தாயை அழைத்தான். ஷெவெக்குக்குத் துணைவியும் நண்பர்களும் இருந்தார்கள்.

கட்டுரையாளர் இத்தொடரின் அடுத்த பகுதியை எழுதவிருப்பதாக அக்கட்டுரையின் இறுதியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதில் ஃபாஸ்டரின் கதையையும் லெ குவினின் நாவலையும் அவர் விரிவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், '1984' நாவலின் அந்த ரொட்டித் துண்டுக் காட்சிக்குத் தம் வாசிப்பில் எங்கே இடமளிக்கிறார் என்பதை விளக்க வேண்டும் என்றும் தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பக்கக் கட்டுப்பாட்டின் காரணமாக இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், என் கருத்துகளில் எதை வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளலாம். நாவல்களிலிருந்து நான் எடுத்துக்காட்டியுள்ள காட்சிகளை மட்டும் அப்படியே வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
தங்கள் நெடுநாள் வாசகன்